ஜோ-ஜோ எங்கே போனான்?

எனிட் பிளைட்டன் சொசைட்டியின் உறுப்பினர்களுக்கு,

வணக்கம். மெய்ப்புப் பார்ப்பது என் தொழில். முப்பது ஆண்டுகளாகத் திருச்சியில் உட்கார்ந்துகொண்டு, மற்றவர்கள் எழுதியதில் ஒற்று மிகுமா மிகாதா என்று பார்த்துப் பிழைக்கிறேன். உங்கள் சங்கத்தில் நான் உறுப்பினன் இல்லை. ஆனால் நீங்கள் தேடித் தொகுத்து வைத்திருப்பதை நெடுநாளாகச் சந்தா கட்டாமல் அனுபவித்து வருகிறவன். அந்தக் கடன்பாட்டோடுதான் ஒரு வேண்டுகோளையும் கொஞ்சம் மனத்தாங்கலையும் இங்கே எழுதுகிறேன். தமிழில் எழுதினால் உங்களுக்குப் புரியாதே என்று நண்பர் கேட்டார். பத்து வயதில் உங்கள் மொழியில், பிளைட்டன் பிள்ளைகளுக்காக எழுதிய அந்தப் புத்தகங்களைப் படித்தபோது எனக்கும் பாதிதான் புரிந்தது. அதனால் ஒன்றும் குறைந்துவிடவில்லை என்றேன்.

எங்கள் தெருமுனையில் ஒரு வாடகை நூலகம் இருந்தது. ஒரு நாளைக்கு இருபத்தைந்து காசு. மேல்தட்டில் அண்ணன்மார் படிக்கும் துப்பறியும் நாவல்கள், கீழ்த்தட்டில் முதுகில் பழுப்புத்தாள் ஒட்டிய பிளைட்டனின் ஃபேமஸ் ஃபைவ் சாகசக் கதைகள். ஜூலியன், டிக், ஆன், ஆண்பிள்ளைப் பெயர் வைத்துக்கொண்ட ஜார்ஜ் என்ற பெண், டிம்மி என்ற நாய். அவர்கள் சாகசத்துக்குக் கிளம்பும் முன்பு கட்டாயம் சாப்பிடுவார்கள். ஜிஞ்சர் பீர் என்பது பாட்டி தரும் இஞ்சிக் கஷாயம் போல ஒன்று என்றும், அதை விரும்பிக் கேட்டு வாங்கிக் குடிக்கிற பிள்ளைகள் உண்மையிலேயே வீரர்கள்தான் என்றும் நினைத்திருந்தேன். ஓரிடத்தில் அவர்கள் நாக்கைச் சாப்பிட்டார்கள் என்று வந்தது. மாட்டு நாக்கை டப்பாவில் அடைத்து விற்பார்கள் என்று எனக்கு எப்படித் தெரியும்? அச்சுப்பிழை என்று முடிவுகட்டி, பென்சிலால் அடித்துவிட்டேன். அதுதான் நான் செய்த முதல் மெய்ப்புத் திருத்தம். அதுவே தப்பு.

அந்த அட்டைப் புத்தகங்கள் 1970களில் நைட் புக்ஸ் வெளியிட்ட பதிப்புகள். படங்களில் ஜார்ஜ் அகலக் கால்சட்டை போட்டிருப்பாள். அவள் அப்படித்தான் இருப்பாள் என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன். 1942 முதல் 1963 வரை வந்த 21 கதைகளுக்கும் முதன்முதலில் படம் வரைந்தவர் ஐலீன் சோப்பர் என்பதும், நான் பார்த்தவை பின்னால் பெட்டி மேக்ஸி வரைந்தவை என்பதும் நாற்பது வயதுக்குமேல்தான் எனக்குத் தெரிந்தது. உங்கள் தயவால் தெரிந்தது. சோப்பரின் ஜார்ஜைப் பார்த்ததும் எனக்கு ஒருவிதக் கோபம்கூட வந்தது. இத்தனை நாள் என்னிடம் யாரையோ காட்டி ஏமாற்றியிருக்கிறார்களே என்று.

இதை வேறு யார் சொல்லியிருப்பார்கள்? பிளைட்டன் 700க்கும் மேல் புத்தகம் எழுதினார். பிபிசி பல ஆண்டுகள் அவரை வானொலிக்குள் அண்டவிடவில்லை. பல நூலகர்கள் அவர் புத்தகங்களை அலமாரியில் வைக்கக் கூசினார்கள். இவ்வளவையும் ஒருத்தியே எழுத முடியாது, கூலிக்கு ஆள் வைத்து எழுதுகிறார் என்று வதந்தி கிளம்பி, அவர் நீதிமன்றம் வரை போய் மன்னிப்பு வாங்க வேண்டியிருந்தது. அவர் வாழ்ந்த கிரீன் ஹெட்ஜஸ் வீட்டை 1973இல் இடித்துவிட்டார்கள். இலக்கியம் என்று மதிக்கப்படாத ஒருவருக்கு நூல் அடைவு செய்ய எந்தப் பேராசிரியர் உட்காருவார்? 1995இல் நீங்கள் சங்கமாகக் கூடினீர்கள். எந்தக் கதை எந்த ஆண்டு வந்தது, எந்தப் பதிப்பகம், யார் படம், மேலுறை எப்போது மாறியது என்று பழைய புத்தகக் கடைகளில் தும்மிக்கொண்டே தேடிச் சேர்த்தீர்கள். ஆண்டுக்கு மூன்று முறை இதழ் போட்டு அதையெல்லாம் எழுதிவைத்தீர்கள். ஆசையால் மட்டுமே நடக்கக்கூடிய வேலை இது.

அதன் பயனுக்கு ஓர் உதாரணம். பிளைட்டன் என்றதும் யாரும் ஒப்பிக்கும் தொடர் ஒன்று உண்டு: 'லேஷிங்ஸ் ஆஃப் ஜிஞ்சர் பீர்', அதாவது கணக்கு வழக்கில்லாத ஜிஞ்சர் பீர். அந்தத் தொடர் ஃபேமஸ் ஃபைவ் கதை எதிலும் இல்லை. 1982இல் பிரிட்டனின் சேனல் 4 தொடங்கிய இரவில் ஒளிபரப்பான கேலி நாடகத்திலிருந்து அது கிளம்பியது. கேலி செய்தவர்களின் வாக்கியம் எழுதியவரின் கணக்கில் ஏறிவிட்டது. பக்கம் பக்கமாகப் படித்து "இல்லை" என்று சொல்ல உங்களைப் போன்றவர்கள் வேண்டியிருந்தது. ஒரு நூலில் ஒன்று இருக்கிறது என்று சொல்வது எளிது. இல்லை என்று சொல்லத்தான் எல்லாவற்றையும் படித்திருக்க வேண்டும்.

சரி, மனத்தாங்கலுக்கு வருகிறேன்.

என் தங்கை மகளுக்குப் பத்து வயது. போன விடுமுறையில் பிளைட்டனின் 'தி ஐலண்ட் ஆஃப் அட்வெஞ்சர்' புதிய பதிப்பு ஒன்றை அவளுக்கு வாங்கித் தந்தேன். என்னிடம் அதே கதையின் பழைய மேக்மில்லன் பிரதி இருக்கிறது. ஒரு பள்ளி நூலகம் கழித்துப்போட்டதை எடைக்கு எடுத்த கடையிலிருந்து வாங்கியது. உள்ளே ஸ்டூவர்ட் டிரெசிலியன் வரைந்த படங்கள், கரையான் அரித்த ஓரம். நான் பழையதையும் அவள் புதியதையும் வைத்துக்கொண்டு ஆளுக்கொரு பக்கம் சத்தமாகப் படித்தோம். கிரேகி டாப்ஸ் என்ற கடலோர வீடு, கிக்கி என்ற வாயாடிக் கிளி, தூரத்தில் மூட்டமாகத் தெரியும் தீவு. எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது. வீட்டு வேலையாள் வந்தான். நான் "ஜோ-ஜோ" என்று படித்தேன். அவள் "ஜோ" என்று திருத்தினாள். நான் மறுபடி பார்த்தேன். என் புத்தகத்தில் அவன் ஜோ-ஜோ. கறுப்பன். அவள் புத்தகத்தில் அவன் ஜோ. நிறத்தைப் பற்றிப் பேச்சே இல்லை.

கதை தெரிந்தவர்கள் நீங்கள். பிள்ளைகளுக்கு அவனைக் கண்டாலே ஆகாது. இருட்டினால் பாறைப்பக்கம் பேய்கள் நடமாடும் என்று பயமுறுத்துவான். கடைசியில் கள்ளநோட்டுக் கும்பலோடு சேர்ந்தவன் என்று தெரியவரும். 1944இல் வந்த அந்தக் கதையில் கறுப்பர் அவன் ஒருவன்தான், அவன்தான் திருடன். நானும் கறுப்புத்தான். பத்து வயதில் படித்தபோது, என்னை நான் அந்தக் கதையின் நாயகச் சிறுவர்களான ஜாக்காகவும் ஃபிலிப்பாகவும் நினைத்துக்கொண்டுதான் படித்தேன். ஜோ-ஜோவாக ஒரு நொடிகூட நினைக்கவில்லை. அவனைப் பிடிக்கும்போது நானும் சேர்ந்து கைதட்டினேன். இப்போது தங்கை மகளின் முன்னால் அதே பக்கத்தைப் படிக்க நாக்கு எழவில்லை.

"மாமா, ஏன் நிறுத்திட்டீங்க?" என்றாள்.

பதிப்பாளர் அந்த இடத்தை மாற்றியதில் எனக்கு வழக்கில்லை. பத்து வயதுப் பிள்ளை விடுமுறையில் படிக்கிற புத்தகம் அது. மாற்றியதை எங்கேயும் சொல்லவில்லை என்பதுதான் என் வழக்கு. அவள் பிரதியை முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்தேன். ஜோ-ஜோ என்று ஒருவன் இருந்ததற்கு ஒரு வரிகூட இல்லை. அவள் வளர்ந்த பிறகு யாராவது "பிளைட்டனிடம் நிறவெறி உண்டு" என்றால், "நான் படித்தேனே, ஒன்றும் இல்லையே" என்பாள். அவள் சொல்வது பொய்யாகவும் இருக்காது.

மாற்றங்களில் எல்லாம் ஒரே தரம் இல்லை. 2010இல் ஹாடர் பதிப்பகம் ஃபேமஸ் ஃபைவ் கதைகளின் மொழியைப் புதுப்பிக்கிறோம் என்று கிளம்பியது. மதரும் ஃபாதரும் மம்மும் டாடும் ஆனார்கள். எந்நேரமும் புத்தகத்தோடு கிடப்பவனைக் குறித்த 'ஸ்வாட்டர்' போய் 'புக்வோர்ம்' வந்தது. இன்றைய பிள்ளைகளுக்குப் பழைய சொற்கள் புரியாதாம். மாட்டு நாக்கையே அச்சுப்பிழை என்று எண்ணிக் கடந்துபோன என்னிடம் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன், புரியாமல் கிடந்த சொற்கள்தான் அந்த ஊரை எனக்குத் தூரத்து ஊராக வைத்திருந்தன என்று. ஆறு ஆண்டு கழித்து, அது எடுபடவில்லை என்று பதிப்பகமே ஒப்புக்கொண்டு பழைய மொழிக்குத் திரும்பியது. அந்த நாட்களில் வாசகர்கள் எழுப்பிய குரலை நான் படித்தேன். 'ஸ்வாட்டர்' என்ற ஒரு சொல்லுக்கு இவ்வளவு மல்லுக்கட்டுகிறவர்கள், ஜோ-ஜோ என்று வந்ததும் தொண்டையைச் செருமிக்கொண்டு பேச்சை மாற்றுகிறார்கள். உங்களில் பழையதையும் புதியதையும் வரிவரியாக ஒப்பிட்டவர்கள் உண்டு, தெரியும். ஆனால் பொதுவில் நான் கேட்கிற பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: "அந்தக் காலம் அப்படி."

அந்தக் காலம் முழுக்க அப்படி இல்லை. 1960இல் 'தி மிஸ்டரி தட் நெவர் வாஸ்' கதையை மேக்மில்லன் திருப்பி அனுப்பியது. ஜோ-ஜோவை அச்சிட்ட அதே மேக்மில்லன்தான். அவர்களுக்காகக் கையெழுத்துப் பிரதியைப் படித்தவர், திருடர்களை வெளிநாட்டுக்காரர்களாகக் காட்டிவிட்டால் போதும், வேறு காரணமே வேண்டாம் என்ற எண்ணம் கதையில் இருப்பதைக் குறித்துச் சொன்னார். மறு ஆண்டு வேறு பதிப்பகம் அதை வெளியிட்டது. 1966இல், பிளைட்டன் உயிரோடு இருக்கும்போதே, 'தி லிட்டில் பிளாக் டால்' கதை கார்டியன் நாளிதழில் கண்டிக்கப்பட்டது. கறுப்பு முகம் என்பதால் மற்ற பொம்மைகள் வெறுக்க, வீட்டைவிட்டு ஓடிப்போகும் பொம்மையின் கதை அது. மழையில் கறுப்பு கரைந்து முகம் சிவந்ததும் எல்லோரும் சேர்த்துக்கொள்வார்கள்.

அந்தக் கதையைக் கேட்டு எங்கள் ஊரில் யாரும் ரொம்ப அதிர்ச்சி காட்ட முடியாது. கடலைமாவு பூசிக் குளித்தால் நிறம் வரும் என்று என் அம்மா வாரந்தோறும் என்னைத் தேய்த்தாள். பிள்ளை சிவப்பாகப் பிறக்கப் பாலில் குங்குமப்பூ போட்டுக் குடிப்பது இன்னும் நின்றபாடில்லை. எனவே மேட்டிலிருந்து பேசும் தகுதி எனக்கு இல்லை. மழைக்குப் பதில் கடலைமாவு, அவ்வளவுதான். நான் சொல்ல வந்தது வேறு: எழுதிய காலத்திலேயே, மேக்மில்லனுக்காகப் படித்த அந்த ஒருவர், ஓரத்தில் கேள்விக்குறி போட்டதுபோல் ஒரு குறிப்பு எழுதியிருக்கிறார். காலத்தின்மேல் பழியைப் போட்டால் அந்த ஓரக்குறிப்பை நாம் அழித்ததாகிவிடும்.

இனி வேண்டுகோள். எங்கள் பழைய நூல்கள் பனையோலை ஏட்டில் கிடந்தவை. பிரதிக்குப் பிரதி சொல் மாறும். உ.வே. சாமிநாதையர் ஊர் ஊராய்ப் போய் ஏடு தேடி ஒப்பிட்டு அச்சிட்டார். சீவக சிந்தாமணி வந்தது 1887இல். அவர் பதிப்புகளில் பக்கத்தின் அடியில் '(பி-ம்.)' என்று சின்னதாக இருக்கும். பிரதிபேதம் என்பதன் சுருக்கம். மேலே தமக்குச் சரியென்று பட்ட பாடத்தை வைத்திருப்பார். வேறு ஏடு வேறு சொல் சொன்னால் அதைக் கீழே தந்துவிடுவார். அவர் தேர்வு பிடிக்காதவன் கீழே பார்த்துக்கொள்ளலாம். எந்தச் சொல்லையும் அவர் பூட்டி வைக்கவில்லை.

பிளைட்டனுக்கு அந்தப் பிரதிபேதத்தை நீங்கள்தான் செய்ய முடியும். பதிப்பாளரிடம் உரிமை இருக்கிறது. பிளைட்டனின் மூத்த மகளின் உடைமையிலிருந்து ஏலத்துக்கு வந்த தட்டச்சுப் பிரதிகளை நியூகாசிலில் உள்ள செவன் ஸ்டோரீஸ் என்ற குழந்தைகள் புத்தக மையம் 2010இல் வாங்கிப் பாதுகாக்கிறது. ஆனால் அச்சுக்கு வந்த பிறகு நடந்தவற்றுக்குச் சாட்சி உங்கள் அலமாரிகள்தான். ஒவ்வொரு பதிப்பையும் காசு கொடுத்து வாங்கிவைத்திருப்பவர்கள் நீங்கள். மேலுறைக்கும் ஓவியருக்கும் அடைவு செய்தவர்கள், மாறிய வரிகளுக்கும் ஒன்று செய்யுங்கள். ஜோ-ஜோ எந்தப் பதிப்பில் ஜோ ஆனான், நாடி என்ற பொம்மையின் காரைத் திருடிய கோலிவாக்குகள் என்ற கறுப்புமுகத் துணிப்பொம்மைகளின் இடத்துக்கு எப்போது பூதங்கள் வந்தன, ஜிப்ஸிகளைப் பற்றிய எந்த வாக்கியம் எந்த ஆண்டு மெலிந்தது, எல்லாம் ஓரிடத்தில் இருக்கட்டும். மம்மும் டாடும் அதிலேயே இருக்கட்டும். முடித்ததும் பதிப்பாளரிடம் கேளுங்கள்: புத்தகத்தின் கடைசியில் ஒரே ஒரு பக்கம். "இந்தக் கதையில் இன்ன ஆண்டு இன்னது மாற்றப்பட்டது." பிள்ளைகள் அதைத் தாண்டிப் போவார்கள். போகட்டும். பெரியவர்களானதும் சிலர் திரும்பி வருவார்கள்.

இப்படி எழுதிவைத்தால் பிளைட்டனின் எதிரிகளுக்குக் கத்தி தீட்டிக் கொடுத்ததாகாதா என்று உங்களில் சிலர் கவலைப்படலாம். அந்தக் கத்தி அவர்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. ஜிஞ்சர் பீர் வாக்கியத்தைப் போல அது பாதி மொண்ணையாகவும் இருக்கிறது. எது அவர் எழுதியது, எது எழுதாதது என்று தெளிவாகச் சொல்ல அவர்களிடம் ஆள் இல்லை.

இந்தப் பக்கம் வேலையைத் தொடங்கிவிட்டோம். தங்கை மகள் கோடு போட்ட நோட்டு ஒன்றை நடுவில் மடித்து, இடப்பக்கம் "மாமா புத்தகம்", வலப்பக்கம் "என் புத்தகம்" என்று தலைப்பு எழுதியிருக்கிறாள். நான் படிக்கப் படிக்க வேறுபடும் இடத்தில் "நிறுத்துங்க" என்று சொல்லிக் குறித்துக்கொள்கிறாள். நான்காம் அத்தியாயம் வரை வந்திருக்கிறோம். ஜோ-ஜோ என்ற பெயருக்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டிருக்கிறாள். நான் போடச் சொல்லவில்லை. பள்ளி திறப்பதற்குள் முடித்துவிடுவோம். நோட்டின் நகலை உங்களுக்கு அனுப்பிவைக்கிறேன். என்னிடம் இருக்கும் பிரதியில் ஒன்பதாம் பக்கத்தின் ஓரத்தைக் கரையான் தின்றுவிட்டது. அந்தப் பக்கத்தை மட்டும் உங்களில் யாராவது படியெடுத்து அனுப்பினால் உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
திருச்சியிலிருந்து ஒரு மெய்ப்புத் திருத்துநர்