இங்க ஒன்னே முக்கால், அங்க மூணேகால்

மரியே வாழ்க.

ராசா, நல்லா இருக்கியா. நான் தூத்துக்குடி வந்து பத்து நாளாச்சு, இன்னும் ராத்திரி ரெண்டு மணிக்கு டான்னு முழிப்பு தட்டுது. ஜெட்லாக்னு உன் மதினி போன்ல சொல்றா, எனக்கென்னமோ உங்க மடத்து வியாதி ஒட்டிக்கிச்சுன்னுதான் தோணுது. இதை போன்லதான் டைப் பண்றேன், நீதான் உன் போனை அண்ணன்கிட்ட குடுத்துட்டு சாமியாராப் போறேன்னு அமெரிக்காவுல அந்த கெத்செமனி மடத்துக்கு உள்ள போயிட்டியே, அதனால அவனுக்கு அனுப்புறேன், அவன் பிரிண்ட் எடுத்து தபால்ல போடுவான். பிழை இருந்தா சிரிக்காம படி.

முதல்ல உண்மையைச் சொல்லிடுறேன். நான் உன்னைப் பாக்க வரலை, கூட்டிட்டுப் போக வந்தேன். அண்ணன்கிட்ட உனக்கு ஒரு டிக்கெட் விலை பாத்து வைக்கச் சொல்லி இருந்தேன், உன் நீலக் கலர் ஜாக்கெட்டைக்கூட என் பெட்டியில எடுத்து வச்சிருந்தேன். என்ன பேசணும்னு ப்ளைட்ல பதினஞ்சு மணி நேரம் ஒத்திகை பாத்தேன், பக்கத்து சீட்டுக்காரி நான் செபமாலை சொல்றேன்னு நினைச்சுக்கிட்டா. இது எதுவும் உனக்குத் தெரியாது, தெரியாமப் போயிடக் கூடாதுன்னுதான் எழுதுறேன்.

டிசம்பர் 21 சாயங்காலம் அண்ணன் முதல் தடவை உங்க மடத்துக்குக் கூட்டிட்டு வந்தான். லூயிவில்ல இருந்து ஒரு மணி நேரம், பார்ட்ஸ்டவுன் தாண்டி வரணும், வழியெல்லாம் ஜன்னல் வச்ச பெரிய பெரிய குடோன், சுவரெல்லாம் கரி பூசின மாதிரி கறுப்பு. என்னடா தீப்பிடிச்சதான்னு கேட்டேன். இல்லம்மா, அது எல்லாம் போர்பன் விஸ்கி பீப்பாய், உள்ள இருந்து ஆவி வர்றதுல பூஞ்சை புடிச்சு கறுத்துப் போயிருக்குன்னான். என் பிள்ளை சாமியாராப் போற ரோடு முழுக்க சாராய வாடையான்னு மனசுக்குள்ள நினைச்சேன், அப்புறம் பாத்தா உங்க மடத்து கேக்லயே அதைத்தான் ஊத்துறீங்க, அதைப் பின்னாடி சொல்றேன்.

பனியைப் பத்தியும் ஒரு குறை இருக்கு. பனிமய மாதா ஊர்ல பொறந்து வளர்ந்தவ நான், ஆகஸ்ட் 5 திருவிழா ஒன்னுகூடத் தவறவிட்டதில்லை, ஆனா பனியைக் கண்ணால பாத்ததில்லை. இந்தத் தடவையாவது பாப்போம்னு வந்தா கென்டக்கியில மழை பெய்யுது. மொட்டை மரம், சேறு, கொஞ்சம் மேடும் பள்ளமுமா குன்னு, வானம் அலுமினியச் சட்டி கலர். குளிர் மட்டும் எலும்புக்குள்ள போகுது. அப்பாவோட மங்கி குல்லாவைக் கொண்டு வந்தது நல்லதாப் போச்சு, கோயிலுக்குள்ளயும் நான் அதைக் கழட்டலை, யாரும் ஒன்னும் சொல்லலை.

கோயிலைப் பாத்ததும் எனக்கு அழுகைதான் வந்துது. இப்ப சொல்றதுக்கென்ன. நம்ம கோயில்ல மாதாவுக்கு எத்தனை நகை, எத்தனை பூ, டிசம்பர் வந்தா எத்தனை ஸ்டாரு, சீரியல் செட்டு. இங்க வெள்ளை அடிச்ச செங்கல் சுவரு, நீளமா, உயரமா, வெறுமையா, உப்பு குடோன் மாதிரி. கிறிஸ்துமஸுக்கு நாலு நாள்தான் இருக்கு, ஒரு ஸ்டார் கிடையாது, குடில் கிடையாது. பாவம் இவங்களுக்கு யாரும் டொனேஷன் குடுக்கலையோன்னு அண்ணன்கிட்ட கேட்டேன். திருவருகைக் காலம், கிறிஸ்துமஸுக்கு முந்தின அந்த நாலு வாரம், முடியுற வரைக்கும் இப்படித்தான்மா, இவங்க காத்திருக்குறதுன்னா நிஜமாவே காத்திருப்பாங்கன்னான். நாம டிசம்பர் ஒன்னாம் தேதியே கேரல் ரவுண்டு கிளம்பி, பிறந்த நாளு வர்றதுக்குள்ள கேக்கு தின்னு அலுத்துப் போயிடுறோமில்ல, அது ஞாபகம் வந்துது. இருந்தாலும் ஒரு ஸ்டாராவது கட்டலாம், அது என் அபிப்பிராயம்.

அஞ்சரை மணிக்கு மாலை செபம். வெளியே அப்பவே இருட்டு கட்டிடுச்சு. ரெண்டு பக்கமும் வரிசையா வந்து நின்னீங்க, வெள்ளை அங்கி, வெள்ளை முடி, ஒருத்தர் வாக்கர் வச்சுத் தள்ளிக்கிட்டு வந்தாரு. கடைசியில நீ, உனக்கு இன்னும் அங்கி குடுக்கலை, சட்டை பேன்ட்ல, முடியை ஒட்ட வெட்டிக்கிட்டு. அந்த தாத்தாமாருக்கு நடுவுல எல்.கே.ஜி. பிள்ளை மாதிரி இருந்த. எண்ணிப் பாத்தேன், எல்லாரும் சேர்ந்து முப்பது பேரு தேறலை. 1950கள்ல 200 பேருக்கு மேல இருந்த மடமாம். எனக்கு அதைக் கேட்டதும் கோபம்தான் வந்துது, எல்லாரும் போய்ச் சேர்ந்த வீட்டுக்கு விளக்கேத்த என் பிள்ளைதான் கிடைச்சானான்னு.

அன்னைக்குப் பாடின பாட்டைப் பத்தி அண்ணன் திரும்பி வர்ற வழியில கார்ல சொன்னான், நீ அவனுக்குச் சொன்னதாம். டிசம்பர் 17-ல இருந்து 23 வரைக்கும் ஒரு நாளைக்கு ஒன்னா ஏழு பாட்டு, ஒவ்வொன்னும் சேசுவை ஒரு பேர் சொல்லி வாரும்னு கூப்பிடுறது. லத்தீன்ல சபியென்சியா, அதொனாய், ராதிக்ஸ், க்ளாவிஸ், ஓரியன்ஸ், ரெக்ஸ், எம்மானுவேல். இதோட முதல் எழுத்தை எல்லாம் கடைசியில இருந்து திருப்பிப் படிச்சா 'ஏரோ க்ராஸ்'னு வருமாம், அப்படின்னா நாளைக்கு இருப்பேன், நாளைக்கு வந்துடுவேன். 21-ந்தேதி ஓரியன்ஸ், உதிக்கிற வெளிச்சமேன்னு. வருஷத்துலயே பகல் குறைஞ்ச நாள்ல அதைப் பாடுறாங்க பாரு. அதுவும் போக, 1848-ல பிரான்ஸ்ல இருந்து கப்பல் ஏறி வந்த சாமியாருங்க அந்த இடத்துல வந்து இறங்கினதும் இதே டிசம்பர் 21-தானாம். 44 பேரு கிளம்பினாங்களாம், மெல்லரேன்னு ஒரு மடத்துல இருந்து. அவங்க அம்மாக்களும் அப்பக் கரையில நின்னு பாத்திருப்பாளுங்க. இதை அண்ணன் சொல்லலை, நானா நினைச்சுக்கிட்டது.

நாளைக்கு வந்துடுவேன்னதும் எனக்கு எது ஞாபகம் வந்துதுன்னு உனக்குத் தெரியும். நாலு வருஷம் எத்தனை தடவை, அடுத்த லீவுக்கு வந்துடுறேம்மான்னு சொன்ன. கார்ல அண்ணன் முன்னாடி நான் ஒன்னும் காட்டிக்கலை.

அப்புறம் 23-ந்தேதி அந்த விடியக்காலைச் செபத்துக்கு வந்தது. மூணேகால் மணி! அண்ணன் முடியாதுன்னுட்டான், மதினிதான் பாவம் ரெண்டு மணிக்கு எந்திரிச்சு கார் எடுத்தா. நீ அவளை நல்லா ஞாபகம் வச்சுக்க. வெளியே மைனஸ் ஆறு. கோயில்ல நாங்க ரெண்டு பேரு, அப்புறம் கெஸ்ட் ஹவுஸ்ல தங்கினவங்க நாலஞ்சு பேரு. நான் நினைச்சது என்னன்னா, பாதி பேரு தூங்கி வழிவாங்க, நீ கொட்டாவி விடுவ, காலேஜ்ல எட்டு மணிக்கு உன்னைத் தண்ணி தெளிச்சு எழுப்பினவ நானு, எனக்குத் தெரியாதா. ஆனா மணி அடிக்கிறதுக்கு முன்னாடியே நீ அங்க இருந்த. ஒரு பக்கம் ஒரு வரி, அடுத்த பக்கம் அடுத்த வரி, அவசரமே இல்லாம சங்கீதம் போகுது, வரிக்கு நடுவுல மூச்சு விடுற அளவுக்கு ஒரு நிறுத்தம். பிதாவுக்கும் சுதனுக்கும்னு வரும்போது எல்லாரும் எந்திரிச்சு குனியுறீங்க. வாக்கர் தாத்தா குனியும்போது நீ பக்கத்துல இருந்து கையை நீட்டி வச்சிருந்த, தொடலை, விழுந்தா புடிக்கிற மாதிரி சும்மா நீட்டி வச்சிருந்த. அவரு நிமிந்ததும் கையை எடுத்துக்கிட்ட. ஒவ்வொரு தடவையும். நான் எண்ணினேன், ஒன்பது தடவை.

நம்ம தாத்தா கடைசி நாள்ல பாத்ரூமுக்குப் போகும்போது நீ அப்படித்தான் பின்னாடியே போவ, உனக்கு அப்ப பதிமூணு வயசு.

ஒத்திகை பாத்து வச்சிருந்ததுல பாதி அங்கயே மறந்துடுச்சு.

நடுச்சாமப் பூசை பத்தி உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, நீயே இருந்த. ஆனா 22-ந்தேதி வரைக்கும் மொட்டையா இருந்த இடத்துல பச்சைக் கிளையும் மெழுகுதிரியும் வந்ததும் எனக்கே நெஞ்சு பொங்கிடுச்சு, ஒரு மாசம் பட்டினி கிடந்தவனுக்கு வெறும் சோறு ருசிக்கிற மாதிரி. எங்க கோயில்ல இருந்தா வெளியே வெடிச் சத்தம், உள்ள குழந்தைங்க அழுகை, புதுப்புடவை சரசரப்பு, உரோமைநகர் உண்டான 752-ம் வருஷம் சேசு பொறந்தார்னு உபதேசியார் அறிவிப்பு பாடும்போதே பாதி பேரு வாட்ஸ்அப்ல இருப்பாங்க. எனக்கு அந்த இரைச்சலும் வேணும்டா. மெழுகுதிரி அழகுதான், ஆனா யாரும் யாருக்கும் ஹேப்பி கிறிஸ்துமஸ் சொல்லிக் கட்டிப்புடிக்கலைன்னா அது என்ன கிறிஸ்துமஸு.

26-ந்தேதி உன்னோட உக்காந்து பேசின ஒன்றரை மணி நேரத்துல நான் கேட்டது என்ன? சாப்பாடு, போர்வை, சளி. நானே என்னைத் திட்டிக்கிட்டேன். கறி இல்லாம எப்படிறா இருக்கேன்னு கேட்டதுக்கு, முட்டையும் சீஸும் இருக்கும்மான்னு சொல்லிட்டு நான் கொண்டு வந்த மக்ரூன் டப்பாவைத் திறந்து மோந்து பாத்துட்டு மூடி வச்ச பாரு. ஒன்னை எடுத்து வாயில போட்டுக்கன்னு சொன்னேன். எல்லாரோடயும் சேர்ந்து சாப்பிடுறேம்மான்ன. முந்திரி மக்ரூன் நமத்துப் போனா நல்லா இருக்காது, அவங்களுக்கு எல்லாம் அது என்னன்னு தெரிஞ்சுதா? வாக்கர் தாத்தாவுக்கு பல்லு ஒத்துக்கிச்சா? எழுது.

உன் கையைப் பாத்தேன். விரல் நுனியெல்லாம் அட்டைப்பெட்டி அறுத்த கோடு கோடா. நவம்பர், டிசம்பர் முழுக்க பழக் கேக்கும் ஃபட்ஜும் டப்பா டப்பாவா ஒட்டி அனுப்புறதுதான் வேலைன்ன. எம்.எஸ். படிச்ச பிள்ளை டேப் ஒட்டுதான்னு சுருக்குன்னுது, ஆனா நீ அதைச் சொல்லும்போது ஆபீஸ்ல வேலை பாத்த காலத்துல இருந்த அந்த மூஞ்சி இல்லை. அதையும் நான் பாத்தேன்.

கேட்கணும்னு இருந்ததை வெளியே கல்லறையில வச்சுத்தான் கேட்டேன். வரிசையா எல்லாம் ஒரே மாதிரி சின்ன வெள்ளை சிலுவை. தாமஸ் மெர்டன்னு உலகமெல்லாம் தெரிஞ்ச எழுத்தாளராம், 1941 டிசம்பர் 10-ந்தேதி உள்ள வந்து, 1968-ல அதே டிசம்பர் 10-ந்தேதி பாங்காக்ல செத்தாராம், அவருக்கும் அதே சிலுவைதான், பக்கத்துல இருக்குறவருக்கும் அதேதான். பெட்டிகூட இல்லாம அப்படியே மண்ணுல வைக்கிறதுதான் இங்க வழக்கம்னு நீ சாதாரணமா சொல்லிட்ட. கடைசி வார்த்தைப்பாடு, அதான் துறவிங்க எடுக்குற சத்தியம், குடுத்தா சாகுற வரைக்கும் இந்த ஒரே மடம்தான், ஊர் மாத்தி ஊர் போறது கிடையாதுன்னும் சொன்ன. அப்ப நான் செத்தா வருவியான்னு கேட்டேன். நீ உடனே பதில் சொல்லலை. பொய் சொல்லாம நின்ன பாரு, அதுக்கு மேல எனக்கு டிக்கெட் விஷயம் பேச வாய் வரலை.

ஆனா நான் சரின்னு சொல்லிட்டேன்னு நினைச்சுக்காத. உங்க மடத்துக்கெல்லாம் வழிகாட்டியான அந்தக் காலத்துப் புனிதர் ஆசீர்வாதப்பர் (பெனடிக்ட்) எழுதி வச்ச ஒழுங்குலயே, புதுசா வர்றவனை லேசுல உள்ள விடாத, நாலஞ்சு நாள் வாசல்ல நின்னு தட்டட்டும்னு இருக்காம், அண்ணன் காட்டினான். பெரிய மனுஷர், விவரம் தெரிஞ்சவர். நாலஞ்சு நாள் பத்தாதுன்னு மட்டும்தான் எனக்கு அவரோட தகராறு. நவசந்நியாசம்னு பயிற்சி ரெண்டு வருஷம், அப்புறம் முதல் வார்த்தைப்பாடு, அதுக்கப்புறமும் குறைஞ்சது மூணு வருஷம் ஆகும்ன. நல்லது. நானும் தட்டிக்கிட்டே இருப்பேன், இந்தப் பக்கம் இருந்து. நீ திரும்பி வந்தா உன் ரூம் அப்படியே இருக்கு, ஜாக்கெட்டும் இருக்கு, ஊர்ல யாரு என்ன கேட்டாலும் பதில் சொல்ல நான் இருக்கேன்.

அப்பாவைப் பத்தி. அவங்க இன்னும் உன் பேரைச் சொல்லி ஒன்னும் கேட்கலை. நீ குடுத்துவிட்ட கேக்கைப் பிரிச்சதும் போர்பன் வாடை வீடெல்லாம் அடிச்சுது, மதுவிலக்கு சபைத் தலைவர் வீட்டுல இதான்னு மூஞ்சியைத் திருப்பிக்கிட்டாங்க, நானும் பக்கத்து வீட்டு டீச்சரும்தான் தின்னு தீர்த்தோம். ஆனா நான் கொண்டு வந்த செபநேரத் தாளை சாமி படத்துக்கு அடியில வச்சிருந்தேன், ரெண்டு நாள் காணோம். பாத்தா அவங்க ரூம்ல, துறைமுகத்துல ஷிப்ட் போடும்போது எழுதுவாங்கள்ல அதே மாதிரி, காலண்டர் பின்பக்கம் கோடு போட்டு, ஸ்கேல் வச்சு, ஏழு நேரத்தையும் நம்ம நேரத்துக்கு மாத்தி எழுதியிருக்காங்க. மூணேகால்னா இங்க மத்தியானம் ஒன்னே முக்கால். ராத்திரி ஏழரைக்கு விளக்கெல்லாம் அணைச்சுட்டு மாதா பாட்டு பாடி மடத்துத் தலைவர் ஆபட் தீர்த்தம் தெளிப்பாருல்ல, அது இங்க மறுநாள் விடியக்காலை ஆறு மணி, நம்ம கோயில்ல திரிகால செப மணி அடிக்கிற நேரம். நீ படுக்கப் போற மணியும் நாங்க எந்திரிக்கிற மணியும் ஒன்னு.

நேத்து ஒன்னே முக்காலுக்கு சாப்பிட்டுக் கை கழுவிட்டு வந்தவங்க என்னைப் பாக்காமலே ஒரு கேள்வி கேட்டாங்க, உனக்கு எழுதிக் கேட்கச் சொன்னாங்க. மார்ச் மாசம் அமெரிக்காவுல கடிகாரத்தை ஒரு மணி நேரம் தள்ளி வைப்பாங்களாமே, மடத்துலயும் அது உண்டா, இல்லை நீங்க பாட்டுக்கு பழைய நேரத்துலயே இருப்பீங்களான்னு. சீக்கிரம் பதில் போடு, அவங்க பேனாவுல எழுதியிருக்காங்க, அழிச்சு எழுதணும்.

அம்மா