கோலா பாட்டிலில் டெவலப்பர் வேண்டாம்

ஆசிரியருக்கு வணக்கம்.

ஃபிலிம் கேமரா மறுபடியும் இளைஞர்கள் கைக்கு வருவதைப் பற்றிப் போன வாரம் வந்த கட்டுரையை இரண்டு தடவை படித்தேன். மாட்டுங்காவில் 30 வருடமாக வீட்டுக் குளியலறையிலேயே ஃபிலிம் கழுவி, பிரிண்ட் போடுகிறவனுக்கு அது எத்தனை சந்தோஷம்! ஆனால் ரசாயனங்களைக் காலி கோலா பாட்டில்களில் ஊற்றி வைக்கலாம் என்று அதில் இருந்த யோசனைக்குப் பதில் எழுதாமல் இருக்க முடியவில்லை.

ஃபிலிமில் பதிந்த படத்தைத் தெரியவைக்கும் ரசாயனம்தான் டெவலப்பர். அதற்குக் காற்று ஆகாது. கோலா பாட்டிலின் பெட் பிளாஸ்டிக் காற்றை அவ்வளவாக உள்ளே விடாது, பிதுக்கிக் காற்றை வெளியேற்றி மூடியும் விடலாம். அதனால் நானும் அப்படித்தான் வைத்திருந்தேன். ஒரு மே மாத லீவில் செம்பூரிலிருந்து அக்கா பையன் வந்திருந்தான், ஏழு வயது. விளையாடிவிட்டு வேர்க்க விறுவிறுக்க வந்தவன் அலமாரியில் இருந்த பாட்டிலை எடுத்துத் திருகிவிட்டான். உள்ளே இருந்தது டி-76 என்ற டெவலப்பர், பழையது. நாள்பட்டுப் பழுப்பேறி, கோலா நிறத்துக்கே வந்திருந்தது. நான் ஒட்டியிருந்த லேபிள் முந்தின மழைக்காலத்து ஈரத்திலேயே உரிந்து விழுந்துவிட்டது. வாய்க்குப் போகுமுன் அம்மா பாய்ந்து தட்டிவிட்டாள். டைல்ஸ் இடுக்கில் அந்தக் கறை இன்னும் இருக்கிறது. டி-76-ல் கலந்திருக்கும் ஹைட்ரோகுயினோன், மெட்டோல் என்ற இரண்டு ரசாயனங்களும் விஷம்.

அன்றோடு தின்பண்டம், பானம் வந்த எந்தப் பாட்டிலையும் டார்க் ரூமுக்குள் விடுவதில்லை. பிரின்சஸ் ஸ்ட்ரீட்டில் சோதனைக்கூடச் சாமான் விற்கும் கடையில் பழுப்புக் கண்ணாடி பாட்டில்கள் வாங்கினேன். பேப்பர் லேபிளே கிடையாது. பெயரையும் கரைத்த தேதியையும் எனாமல் பெயின்ட்டால் பாட்டிலின் மேலேயே எழுதுகிறேன். டி-76 நிறைந்த பாட்டிலில் 6 மாதம் தாங்கும், பாதியாகிவிட்டால் 2 மாதம்தான் என்பது கோடாக்கின் கணக்கு. அளவு குறையக் குறைய, நன்றாகக் கழுவிய கோலிக்குண்டுகளை உள்ளே போட்டுக் கழுத்துவரை மட்டத்தை ஏற்றிவிடுகிறேன். காற்றுக்கு இடமே இருக்காது.

அப்புறம், தெரிந்த படத்தை அழியாமல் நிலைக்கவைக்கும் ரசாயனமான ஹைப்போ ஊற்றிய பாட்டில் கடைசிவரை ஹைப்போவுக்குத்தான். மூடிக்கும் அதேதான். கொஞ்சம் ஹைப்போ கலந்தாலும் டெவலப்பர் கெட்டு, ஃபிலிமும் போய்விடும். அதனால் ஒவ்வொரு மூடியையும் அதனதன் பாட்டில் கழுத்தில் நூலால் கட்டி வைத்திருக்கிறேன்.

இன்னொன்று. ரசாயனம் இருந்த பிளாஸ்டிக் பாட்டிலை அப்படியே பங்கார்வாலாவிடம், அதாவது பழைய சாமான் வாங்குகிறவரிடம், போடாதீர்கள். அவரிடமிருந்து யாராவது வாங்கித் தண்ணீரோ எண்ணெயோ பிடித்து வைக்கலாம். கழுவி, கத்தரியால் இரண்டாக வெட்டிய பிறகு போடுங்கள்.

அந்தக் கட்டுரையைப் பார்த்து இந்நேரம் யாராவது பாட்டில் சேர்க்கத் தொடங்கியிருப்பார்கள். அடுத்த இதழிலேயே ஒரு திருத்தம் போட்டுவிடுங்கள்.

ஒரு வாசகர்,
மாட்டுங்கா, மும்பை