சாவு எண்ணிக்கையோடு பரவும் வழியையும் போடுங்கள்: செய்தி ஆசிரியர்களுக்கு ஒரு மடல்

மதிப்பிற்குரிய செய்தி ஆசிரியர்களுக்கு,

வணக்கம். நிபா, மார்பர்க், எபோலா என்று ஏதாவது ஒரு வைரஸின் பெயர் அடிபட்டால் போதும், அன்று மாலையே 'நூற்றுக்கு ஐம்பது பேர் பலி' என்று சிவப்புப் பட்டையில் ஓடத் தொடங்கிவிடுகிறது. பக்கத்தில் தலை முதல் கால் வரை கவச உடை போட்ட ஒருவரின் படம். அந்த வைரஸ் எப்படித் தொற்றும் என்று தேடினால் கண்ணில் படுவதில்லை. அடுத்த நிமிடமே அந்தப் படம் குடும்ப வாட்ஸ்அப் குழுக்களில் சுற்ற ஆரம்பிக்கிறது.

எபோலா வந்தவர்களில் சராசரியாகப் பாதிப்பேர் இறந்துபோகிறார்கள் என்பது உண்மைதான். ஆனால் அது தட்டம்மை மாதிரி காற்றில் மிதந்து வருவதில்லை. நோயாளியின் ரத்தம், வாந்தி போன்ற உடல் திரவங்கள் பட்டால்தான் தொற்றும். அறிகுறி தொடங்குவதற்கு முன் அவரிடமிருந்து பரவாது. தட்டம்மையோ, நோயாளி எழுந்து போன பிறகும் இரண்டு மணி நேரம் வரை அறைக் காற்றில் தங்கும். தடுப்பூசி போடாதவர்கள் நடுவில் ஒருவரிடமிருந்து 12 முதல் 18 பேருக்குப் போகும். கொல்லும் வேகம் வேறு, பரவும் வேகம் வேறு. இரண்டையும் சேர்த்துச் சொல்லாவிட்டால், எதற்கு எவ்வளவு பயப்படுவது என்று எங்களுக்கு எப்படித் தெரியும்?

2014-இல் மேற்கு ஆப்பிரிக்காவில் எபோலா பரவியபோது, 'எபோலாவுக்கு மருந்தே இல்லை' என்றுதான் முதலில் பரப்பினார்கள். மருந்தே இல்லையென்றால் ஆஸ்பத்திரிக்கு எதற்குப் போக வேண்டும்? பலர் நோயாளிகளை வீட்டிலேயே மறைத்து வைத்தார்கள். இறந்தவரின் உடலைத் தங்கள் கையாலேயே குளிப்பாட்டினார்கள். தொற்று அதிகமாக இருப்பதே அந்த உடலில்தான். அந்த செப்டம்பரில் கினியாவின் வோமே கிராமத்துக்கு நோயைப் பற்றி விளக்கப் போன குழுவில் எட்டுப் பேரை ஊர்க்காரர்கள் கொன்றுபோட்டார்கள். அந்த எட்டுப் பேரில் உங்கள் தொழிலைச் சேர்ந்த செய்தியாளர்களும் இருந்தார்கள். இதை நினைத்தால் இப்போதும் மனம் ஆறுவதில்லை.

'பயப்படாதீர்கள்' என்று எழுதுங்கள் என நான் கேட்கவில்லை. பயப்பட வேண்டிய நோய்கள் இருக்கத்தான் செய்கின்றன. சாவு விகிதத்தைப் போடும் அதே வரியில், எதனால் தொற்றும், எதனால் தொற்றாது என்றும் போடுங்கள். காய்ச்சல் வந்தால் யாரிடம் போக வேண்டும் என்பதை அடுத்த வரியில் சொல்லுங்கள்.

இன்னொன்று. 2020 மார்ச்சில் கோவிட் காற்றில் பரவாது என்று உலக சுகாதார நிறுவனமே சொன்னது, பிறகு மாற்றிக்கொண்டது. அறிவியலில் இது நடக்கும். அதனால் 'இன்றைய தேதிக்குத் தெரிந்தது' என்று குறித்தே எழுதுங்கள். மாறினால், முதல் செய்தி வந்த அதே இடத்தில், அதே அளவு எழுத்தில் திருத்தத்தையும் வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாசகர் ஒருவர்