கிணறு நிறைந்திருக்கும் மாதத்தில் வா

நீர்வேலி
புரட்டாதி, வெள்ளிக்கிழமை

அன்புள்ள மகளுக்கு,

போன கிழமை போனில், "அப்பா, எந்த மாசம் வந்தால் நல்லது?" என்று கேட்டாய். அம்மா முந்திக்கொண்டு "நல்லூர்த் திருவிழாவுக்கு வா" என்று சொல்லிவிட்டாள். நான் ஒன்றும் சொல்லாமல் இருந்தேன். இரண்டு நிமிஷத்தில் சொல்லி முடிக்கிற விஷயமில்லை இது. முப்பத்தொரு வருஷம் நீர்ப்பாசனத் திணைக்களத்தில் இருந்தவன் நான். கந்தளாய், வவுனியா, இரணைமடு, மட்டக்களப்பு என்று போன இடமெல்லாம் காலை எட்டரைக்கு மழைமானியை எடுத்து அளந்து பதிந்திருக்கிறேன். இந்தத் தீவில் எங்கே எப்போது மழை விழும், எப்போது காயும் என்பது எனக்கு வெறும் கதையல்ல. அதனால்தான் ஆறுதலாக இருந்து எழுதுகிறேன்.

மூன்று வருஷத்துக்கு முன் நீங்கள் வந்தது ஆவணியில். திருவிழாக் கூட்டம், சொந்தக்காரர் எல்லாரும் ஊரில், அம்மாவுக்குக் கால் நிலத்தில் நிற்கவில்லை. எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் சின்னவனுக்கு முதுகு முழுக்க வேர்க்குரு. இரவில் நித்திரை இல்லை. கிணற்றுக்குள் எட்டிப் பார்த்து "தண்ணி எங்கை அம்மப்பா?" என்று கேட்டான். வாளி போய்த் தண்ணீரைத் தொடுவதற்குள் கயிறு முழுக்க ஓடிவிடும் காலம் அது. நெடுந்தீவுக் குதிரைகளைக் காட்டுகிறேன் என்று குறிகாட்டுவான் இறங்குதுறை வரை கூட்டிக்கொண்டு போனேன். சோளகக் காற்று அடித்துக் கடல் கொந்தளித்ததால் படகு விடவில்லை. இரண்டு மணித்தியாலம் வெயிலில் நின்றுவிட்டுத் திரும்பி வந்தோம்.

நீங்கள் ரொறன்ரோவுக்குத் திரும்பிப் போய் ஒரு மாதத்தில், பள்ளிக்கூடத்தில் அவன் கீறிய படத்தை வாட்ஸப்பில் அனுப்பினாய். "அம்மம்மா வீடு." வீடு சரி, பனை சரி, அம்மம்மா கூடச் சரி. ஆனால் வீட்டைச் சுற்றி முழுக்க மண்ணிறம். முற்றம், வேலிக்கு அப்பால் வயல்வெளி, எல்லாம் ஒரே மண்ணிறப் பென்சிலால் அழுத்தித் தீட்டியிருந்தான். அவன் பிழையாகக் கீறவில்லை மகள். கண்டதைத்தான் கீறினான். அதுதான் எனக்கு இன்னும் மனதில் கிடக்கிறது. தன் தாய் பிறந்த ஊர் காய்ந்த ஊர் என்று ஒரு பிள்ளை நினைத்துக்கொண்டு வளரக் கூடாது.

இலங்கைக்குப் போக நல்ல காலம் எது என்று கேட்டால் ஒரு மாதத்தின் பெயரைச் சொல்லி முடித்துவிட ஏலாது. சின்னத் தீவுதான். ஆனால் நடுவில் மலை நிற்கிறது. பேதுருதாலகால மட்டும் 2,524 மீற்றர். வைகாசி தொடங்கிப் புரட்டாதி வரை, உங்கள் கணக்கில் மே முதல் செப்டெம்பர் வரை, தென்மேற்கிலிருந்து வரும் காற்று கொண்டுவருகிற ஈரத்தை எல்லாம் அந்த மலை தன் மேற்குப் பக்கத்திலேயே இறக்கி வைத்துவிடும். வட்டவளைப் பக்கம் வருஷத்துக்கு 5,000 மில்லிமீற்றருக்கு மேல் பெய்யும். மலையைத் தாண்டி இந்தப் பக்கம் வருவது வெறும் காய்ந்த காற்று. அதைத்தான் நாங்கள் சோளகம் என்கிறோம், மட்டக்களப்பில் கச்சான் என்பார்கள். எங்களுக்கு மழை வருவது மற்றப் பக்கத்தால். ஐப்பசி, கார்த்திகை, மார்கழி. யாழ்ப்பாணத்தில் வருஷம் முழுக்கப் பெய்கிற 1,250 மில்லிமீற்றர் அளவில் பெரும்பங்கு அந்த மூன்று மாதத்துக்குள் கொட்டித் தீர்ந்துவிடும். ஆக, தெற்கே காலியில் குடை பிடிக்கிற காலத்தில் திருகோணமலையில் கடல் குளம் மாதிரிக் கிடக்கும். திருகோணமலையில் அலை எழும்புகிற காலத்தில் காலியில் பிள்ளைகள் முழங்கால் தண்ணீரில் விளையாடும்.

இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை, பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். 1980 ஆனியில் எங்களுக்குக் கலியாணம். வேலை கிடைத்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. அம்மாவை நுவரெலியாவுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். இங்கே வெயில் எரிந்ததால் நாடு முழுக்க வெயில் என்று நினைத்துவிட்டேன். ஐந்து நாள் இருந்தோம். ஐந்து நாளும் மழை, மழை விட்டால் பனிப்புகார். அறை ஜன்னலைத் திறந்தால் பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியாது. புதுச் சேலை நனைந்து, உடுப்பெல்லாம் பூஞ்சண வாசம். அம்மா ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. ஆனால் நாற்பது வருஷத்துக்கு மேலாகியும் நுவரெலியா என்றால் அவளுக்கு வெள்ளையாக ஒரு ஜன்னல்தான் ஞாபகம். அடுத்த வருஷம் கந்தளாய்க்கு மாற்றம் வந்தது. ஆனி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நிலாவெளிக்குப் போய்ப் பார்த்தபோதுதான் எனக்கு விளங்கியது. அதே காற்று, அதே மாதம். அங்கே கண்ணாடி மாதிரிக் கடல். இங்கே கூட்டிக்கொண்டு வந்திருக்க வேண்டும் என்று கரையில் நின்று நினைத்தேன்.

அம்மா சொல்கிற ஆவணியையும் நான் தள்ளிவிடவில்லை. நல்லூர் இருபத்தைந்து நாள் நடக்கும். ஆடி அமாவாசை கழிந்து ஆறாம் நாள் கொடியேறி ஆவணி அமாவாசையில் தீர்த்தம். அந்தக் காலத்தில் ஊரே வேறு ஊராக இருக்கும். கண்டிப் பெரஹராவும் அதை ஒட்டித்தான் வரும். மின்னேரியாக் குளம் வற்றி, வற்றிய கரையில் புல் முளைக்க, யானைகள் கூட்டம் கூட்டமாக வந்து மேயும். திருகோணமலைக் கடலுக்கும் அதுதான் காலம். பிள்ளைகள் இன்னும் கொஞ்சம் வளர்ந்து, வெயில் தாங்கி, தேருக்குப் பின்னால் நடக்கிற வயது வரட்டும். அப்போது அம்மாவின் சொல்லைக் கேட்போம்.

மாம்பழத்துக்காக வருவதென்றால் வைகாசி, ஆனி. மருமகனுக்குக் கறுத்தக்கொழும்பான் என்றால் உயிர் என்பது தெரியும். ஆனால் அதற்காக அந்த வெக்கைக்குள் பிள்ளைகளை இழுக்காதே.

நத்தார் லீவுக்கு வரலாமா என்று யோசிப்பாய். எல்லாரும் அப்படித்தான் வருகிறார்கள். வேண்டாம். கொழும்புப் பக்கம், காலிப் பக்கம் அப்போது நல்லாகத்தான் இருக்கும். வடக்கும் கிழக்கும் அப்படியில்லை. வங்காள விரிகுடாவில் தாழமுக்கம் உருவாகிற காலம் அது. 2020 மார்கழியில் புரேவிப் புயல் முல்லைத்தீவுப் பக்கத்தால் கரையேறியபோது எங்கள் ஒழுங்கைக்குள் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. மூன்று நாள் வெளியே போகவில்லை. இரண்டு கிழமை லீவில் வருகிற பிள்ளைகளுக்கு அதில் ஒரு கிழமை மழைக்குப் போய்விட்டால் என்ன மிஞ்சும்? போதாததற்கு ரிக்கற் விலையும் அந்த நேரம்தான் உச்சத்தில் நிற்கும். நத்தாரும் புதுவருஷமும் கழிந்தால் இறங்கிவிடும்.

அதனால் நான் சொல்வது தை. பொங்கலுக்கு இரண்டு நாள் முன்னால் வந்து இறங்கி, மாசி நடுப்பகுதி வரை நில்.

தை மாதத்து நீர்வேலியை நீ கண்டு பதினாறு வருஷம் இருக்கும். உனக்கே மறந்திருக்கலாம். மழை ஓய்ந்து வானம் கழுவி விட்டது மாதிரி இருக்கும். வாடைக்காற்று மெல்லிசாக வரும். விடியப்புறம் 22, 23 பாகை. நாங்கள் போர்வையை இழுத்து மூடுவோம், ரொறன்ரோவில் இருந்து வருகிற உன் பிள்ளைகள் அரைக்கை போட்டுக்கொண்டு முற்றத்தில் ஓடுவார்கள். கோப்பாய் வெளியில் நெல் முற்றிச் சாய்ந்து நிற்கும். ஒரு வயல் மஞ்சள், பக்கத்து வயல் இன்னும் பச்சை. வரம்பில் தண்ணீர் சலசலக்கும். வேலிக் கிளுவையெல்லாம் துளிர்த்து, மதில் ஓரத்தில் கூடப் பாசி பிடித்துப் பச்சையாக இருக்கும். ஆவணியில் பதினைந்தாவது கல்லுக்குக் கீழே போய்விடுகிற கிணற்றுத் தண்ணீர் நாலாவது கல்லில் வந்து நிற்கும். ஆறில்லாத ஊர் மகள் எங்களது. சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்குகிற மாரி மழையை வைத்துத்தான் அடுத்த மாரி வரை குடிக்கிறோம், இறைக்கிறோம். அந்தக் கிணறு நிறைந்திருப்பதை உன் பிள்ளைகள் ஒரு தடவையாவது பார்க்க வேண்டும்.

பொங்கலன்று பின்னேரம் வல்வெட்டித்துறைக்குப் போவோம். பட்டப் போட்டி. ஆளைவிடப் பெரிய பட்டங்களை ஆறு பேர் பிடித்து ஏற்றுவார்கள். அன்றைக்குக் கடற்கரையில் நிற்கச் சின்னவனை என் தோளில்தான் தூக்க வேண்டும், அவனுக்கு எட்டு வயதானாலும் சரி. நேற்று அம்மா பனங்கொட்டை பொறுக்கிப் பாத்தி போட்டிருக்கிறாள். தையில் கிண்டுவதற்குச் சரியாக இருக்கும். பேத்தி தன் கையால் ஒரு கிழங்கை இழுத்து எடுக்கட்டும். அவித்து, தும்பு வார்ந்து, மிளகும் உப்பும் இடித்துப் போட்டுச் சாப்பிடக் கொடுப்போம். நாவற்குழிப் பாலத்தடியிலும் ஆனையிறவிலும் தூர தேசத்துப் பறவைகள் இறங்கியிருக்கும். விடிய வெள்ளென எழும்பினால் பூநாரையும் காணலாம்.

மாசி பிறந்தால் கடல் கொஞ்சம் ஆறும். அப்போது நெடுந்தீவுக்குப் போவோம். கோடையில் தண்ணீரில்லாமல் எலும்பு தெரிய நிற்கிற குதிரைகள் அப்போது நல்ல புல் மேய்ந்துகொண்டு நிற்கும். அவனிடம் காட்டுகிறேன் என்று சொல்லிக் காட்டாமல் விட்ட குதிரைகள் அவை.

அப்புறம் ஒரு கிழமை தெற்கே. இதை நான் அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. ரெயிலில் கொழும்புக்குப் போய், அங்கிருந்து மலைக்கு. தையும் மாசியும்தான் நுவரெலியாவுக்கு வெளிச்சமான மாதங்கள். இரவில் சரியான குளிர், சில நாளில் விடியப்புறம் புல்லில் உறைபனி கூடப் படியும். ஆனால் பகலில் மலை முழுக்கத் தெரியும். அம்மாவை அந்த ஜன்னலடிக்கு இன்னொரு தடவை கூட்டிக்கொண்டு போக வேண்டும். நீயும் பிள்ளைகளும் கூட வந்தால்தான் அவள் சம்மதிப்பாள், தனியே நான் கேட்டால் கோழிக்கும் ஆட்டுக்கும் யார் தீன் போடுவது என்பாள். மலையிலிருந்து இறங்கினால் ஹிக்கடுவையில் இரண்டு நாள். அந்தப் பக்கக் கடல் அப்போது பிள்ளைகளுக்கு ஏற்றது. மிரிஸ்ஸவில் படகில் போனால் திமிங்கிலமும் பார்க்கலாம். திருகோணமலையை மட்டும் இந்த முறை விட்டுவிடுவோம், பங்குனி கழியும் வரை அந்தக் கடலை நம்ப ஏலாது.

நல்லதை மட்டும் சொல்லி உன்னைக் கூப்பிட எனக்கு விருப்பமில்லை. தையிலும் சில வருஷம் மழை விடாது. 2011 தையில் மட்டக்களப்பு வெள்ளத்தில் கிடந்தது, நான் ஓய்வு பெற்ற வருஷம் அது. வயல் முழுக்கத் தண்ணீருக்குள், நெல் கையில் வரவில்லை. அப்படி ஒரு வருஷமாக இருந்தால் மார்கழிக் கடைசியிலேயே தெரிந்துவிடும், உடனே போன் எடுத்துச் சொல்வேன். மற்றது நுளம்பு. மாரி முடிகிற நேரம் இங்கே டெங்கு கூடுகிற நேரம். வளவில் சிரட்டை, ரயர், பூச்சாடித் தட்டு ஒன்றையும் தண்ணீர் நிற்க விடமாட்டேன். கட்டிலுக்கு வலை வாங்கி வைக்கிறேன். பிள்ளைகளுக்கு நீளக்கைச் சட்டையும் நுளம்புக்குப் பூசுகிற கிறீமும் மறக்காமல் கொண்டு வா. காய்ச்சல் வந்தால் பனடோல் தவிர வேறொன்றும் கொடுக்காமல் உடனே டொக்டரிடம் போக வேண்டும், இதை மருமகனுக்கும் சொல்லி வை.

பள்ளிக்கூடம்தான் பெரிய தடை என்பது எனக்குத் தெரியும். பேத்தி பாலர் வகுப்பு, அவளுக்குப் பிரச்சினை இல்லை. சின்னவனுக்கு நாலு கிழமை லீவு கேட்க வேண்டும். மூன்றாம் வகுப்பில் நாலு கிழமை என்றால் வீட்டில் இருந்து பிடித்துவிடலாம், எட்டாம் வகுப்பில் முடியாது. அதனால்தான் இந்த வருஷமே என்று நிற்கிறேன். பாடத்தை அனுப்பச் சொல்லு, காலையில் ஒரு மணித்தியாலம் நானே இருத்திச் சொல்லிக்கொடுக்கிறேன். மழைமானி ஒன்றும் வீட்டில் கிடக்கிறது, அதை எப்படி வாசிப்பது என்றும் காட்டுவேன். மருமகனுக்கு அவ்வளவு நாள் லீவு கிடைக்காவிட்டால் கடைசி இரண்டு கிழமைக்கு வரட்டும், தெற்குப் பயணத்தை அதற்கேற்ற மாதிரி வைப்போம்.

ரிக்கற் போட்டவுடன் திகதியைச் சொல்லு. மேசனைக் கூப்பிட்டுக் கிணற்றுக் கட்டை அரை அடி உயர்த்தி, மேலே கம்பி வலை போடுவிக்க வேண்டும். தண்ணீர் அவ்வளவு மேலே நிற்கும்போது பிள்ளைகள் எட்டிப் பார்க்காமல் இருக்கமாட்டார்கள்.

அன்புடன்
அப்பா