இரண்டாம் நாள் அறிக்கையை நற்சான்று ஆக்காதீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். புதிய ஜனநாயக நாடுகளின் தேர்தல்கள் பற்றிய தங்கள் கட்டுரை, 'சர்வதேசக் கண்காணிப்பாளர்கள் நற்சான்று அளித்துவிட்டனர்' என்று முடிந்திருந்தது. அந்த ஒரு வரியில் இரண்டு பிழைகள். வந்திருப்பவர்கள் கண்காணிப்பாளர்கள் அல்லர், பார்வையாளர்கள். கண்ணெதிரே கள்ள ஓட்டு விழுந்தாலும் அதைத் தடுக்கவோ சாவடி அதிகாரிக்கு உத்தரவிடவோ அவர்களுக்கு அதிகாரம் கிடையாது. குறித்துக்கொள்ளலாம், கேள்வி கேட்கலாம், அவ்வளவுதான். 2005 அக்டோபரில் ஐ.நா.வில் வெளியான பார்வையாளர் கோட்பாட்டுப் பிரகடனத்தின் நடத்தை விதிகளும் தேர்தல் வேலையில் தலையிடக் கூடாது என்றே சொல்கின்றன.

'நற்சான்று' என்பது அதைவிடப் பெரிய பிழை. கென்யாவில் 2017 ஆகஸ்ட் 8 அன்று வாக்குப்பதிவு. ஐரோப்பிய ஒன்றியம், ஆப்பிரிக்க ஒன்றியம், கார்ட்டர் மையம் ஆகியவற்றின் குழுக்கள் 10ஆம் தேதியே பூர்வாங்க அறிக்கை கொடுத்துவிட்டன. அதிபர் தேர்தல் முடிவு வெளியானதே 11ஆம் தேதிதான். செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றம் அந்தத் தேர்தல் செல்லாது என்றது. குழுக்கள் பொய் சொல்லவில்லை. வாக்குப்பதிவைப் பாராட்டிய அதே அறிக்கைகளில், முடிவுகளைத் தொகுக்கும் வேலை இன்னும் நடக்கிறது என்றும் எழுதியிருந்தார்கள். பாராட்டு மட்டும் தலைப்புச் செய்தியானது.

ஒரு குழு எவ்வளவு பார்க்க முடியும் என்று கணக்கிட்டுப் பாருங்கள். வாக்குப்பதிவு நாளுக்காக 200 பேர் வருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். இருவர் இருவராக 100 அணிகள். ஓர் அணி காலை முதல் மாலை வரை சுற்றினால் சுமார் பத்துச் சாவடிகள், ஆக மொத்தம் 1,000. கென்யாவில் அன்று இருந்தவை 40,883 சாவடிகள். நூற்றுக்கு இரண்டரைகூட இல்லை. மாலையில் இது இன்னும் சுருங்கும். எண்ணிக்கையைப் பார்க்க ஓர் அணி ஒரே சாவடியில்தான் உட்கார முடியும்; எனவே 1,000 என்பது 100 ஆகிவிடும். சாலை வசதியும் பாதுகாப்பும் உள்ள இடங்களுக்கே அணிகள் அதிகம் போவதால் அந்த நூறும் நாட்டின் சரியான மாதிரி ஆகாது.

எண்ணிக்கையின்போது பார்க்க வேண்டியது ஒரு சின்னக் கூட்டல். வந்த வாக்குச்சீட்டுகள், பயன்படுத்தாதவையும் கெட்டுப்போனவையும் பெட்டியில் இருப்பவையும் சேர்ந்த தொகைக்குச் சமமாக இருக்க வேண்டும். பெட்டியில் இருப்பவை பட்டியலில் குறியிடப்பட்ட பெயர்களைவிட அதிகமாக இருக்கக் கூடாது. களைத்துப்போன ஊழியர்கள் நள்ளிரவில் இந்தக் கூட்டலைத் தவிர்த்துவிட்டு நேரே கட்சிவாரி எண்ணிக்கைக்குப் போய்விடுவார்கள். பிறகு கணக்கு உதைத்தால், முந்தைய எண்ணைத் 'திருத்தி' ஒப்பேற்றுவார்கள். பல தவறுகள் இப்படித்தான் தொடங்குகின்றன. இதில் சதி இருக்க வேண்டும் என்பதில்லை, ஆனால் சதிக்கு இதைவிட வசதியான மறைப்பும் இல்லை.

கென்யாவில் சாவடி முடிவு படிவம் 34ஏ. அவற்றைக் கூட்டி 290 தொகுதிகளிலும் 34பி. அவற்றைக் கூட்டித் தேசிய அளவில் 34சி. சாவடியில் விழுந்த வாக்குகளின் எண், 34ஏ-யின் படம் இரண்டும் மின்னணுக் கருவி வழியாகச் சேர்ந்தே மேலே போக வேண்டும். பல இடங்களில் எண் போனது, படம் போகவில்லை. சில படிவங்களில் பாதுகாப்புக் குறிகள் இல்லை. தேர்தல் ஆணையம் தன் சர்வர்களை நீதிமன்றம் கேட்டபடி முழுமையாகத் திறந்து காட்டவும் இல்லை. உள்நாட்டுப் பார்வையாளர்கள் மாதிரிச் சாவடிகளில் எடுத்த கணக்கு அறிவித்த முடிவோடு ஒத்தே இருந்தது. ஆனாலும், சரிபார்க்க முடியாத தேர்தலை ஏற்க நீதிபதிகள் மறுத்தார்கள். எண் சரியாக இருப்பது வேறு, அதை எவரும் சரிபார்க்க முடிவது வேறு.

மலாவியில் 2019 மே அதிபர் தேர்தலின் முடிவுத் தாள்களில் வெள்ளைத் திருத்த மை பூசியிருந்தது. 2020 பிப்ரவரி 3 அன்று நீதிமன்றம் அதையும் ரத்து செய்தது. ஜூன் மறுதேர்தலில் எதிர்க்கட்சி வேட்பாளர் வென்றார். இரண்டு நாடுகளிலும் கோளாறு வாக்குப்பெட்டிக்குப் பின்னால்தான், தாள்களில்தான் இருந்தது.

கென்யா பாடம் கற்றது. 2022இல் 46,000க்கும் அதிகமான சாவடிகளின் 34ஏ படங்களைப் பொதுத் தளத்தில் ஏற்றினார்கள். யார் வேண்டுமானாலும் கூட்டிப் பார்க்கலாம், பலர் கூட்டியும் பார்த்தார்கள். ஏழு ஆணையர்களில் நால்வர் முடிவை ஏற்க மறுத்தபோதும், வழக்கில் தேர்தல் நிலைத்தது.

அடுத்த முறை இத்தகைய செய்தி வெளியிடும்போது, அந்தக் குழு எத்தனை தொகுப்பு மையங்களில் கடைசித் தாள் வரை உட்கார்ந்திருந்தது, சாவடிவாரி முடிவுகள் பொதுவில் உள்ளனவா என்ற இரண்டையும் கேட்டு எழுதுங்கள். ஓரிரு மாதம் கழித்து இறுதி அறிக்கை வரும். தொகுப்பில் கண்ட குறைகளும் பரிந்துரைகளும் அதில்தான் இருக்கும். பூர்வாங்க அறிக்கைக்குக் கொடுத்த அதே பக்கத்தை அதற்கும் ஒதுக்க வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்கள்