சிரியஸ் இன்னும் சாகல சார்

ஆசிரியர் சார் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை அறிவியல் பக்கத்துல சிரியஸ் நட்சத்திரத்தோட படத்துக்குக் கீழ ஒரு வரி போட்டிருந்தீங்க, "வெண்மையாக ஒளிரும் சிரியஸ், எரிந்து முடிந்து குளிர்ந்துகொண்டிருக்கும் வெண்குள்ளன்"னு. அன்னைக்கு ராத்திரி மொட்டை மாடில என் பேத்தி அதையே கை காட்டி "தாத்தா, அது செத்துட்டிருக்காம், பாவம்"ங்கிறா. இல்ல கண்ணு அது சின்ன வயசு நட்சத்திரம்னு சொன்னா "பேப்பர்லயே போட்டிருக்கு"ன்னு என்னை அடக்கிட்டா. உங்க பேப்பர் மேல அவளுக்கு இருக்கிற மரியாதையில பாதி அந்த வரி எழுதினவருக்கு இருந்திருந்தா ஒரு தடவை சரி பார்த்திருப்பாரு.

உங்களுக்குத் தெரியாததில்ல, சிரியஸ்ங்கிறது ரெண்டு நட்சத்திரம். நம்ம கண்ணுக்குத் தெரியறது பெருசு, ஏ வகை (நட்சத்திரங்களை ஓ, பி, ஏன்னு எழுத்து போட்டுப் பிரிக்கிறதுல ஒண்ணு), மேல்பரப்புச் சூடே சுமார் 9,900 கெல்வின், எடை சூரியனைப் போல ரெண்டு மடங்குதான் ஆனா வெளிச்சம் 25 மடங்கு. வெண்குள்ளன் அதோட ஜோடி, சூரியன் அளவு எடையை பூமி சைஸுக்குள்ள அமுக்கி வச்ச மாதிரி, ரெண்டும் ஒண்ணையொண்ணு சுத்தி வர 50 வருஷம் ஆகுது, வெறும் கண்ணுக்கு அது தெரியவே தெரியாது, 1862ல அமெரிக்காவுல ஆல்வன் கிரஹாம் கிளார்க் புது லென்ஸை டெஸ்ட் பண்றப்பதான் மாட்டுச்சு. அது ஆறிக்கிட்டிருக்கிறது வாஸ்தவம், ஆறி ஆறியே இன்னும் 25,000 கெல்வின்ல நிக்குது. பெரியவனுக்கு வயசு 24 கோடி வருஷம் மாதிரி, நம்ம சூரியனுக்கு 460 கோடி. இதுல யாரு சார் கிழவன்? ஏ வகை வாரிக் கொட்டி எரிக்கிற ஊதாரி, சூரியன் ஆயிரம் கோடி வருஷம் ஓட்டும்னா இது நூறு கோடி தாண்டுறதே பெரிய விஷயம். அப்படிப் பார்த்தாலும் சிரியஸுக்கு இன்னும் நாள் இருக்கு.

"வெண்மை"யையும் "குளிர்ந்து"ங்கிறதையும் ஒரே வரில வச்சதுதான் எனக்குத் தாங்கல. 34 வருஷம் ஃபோர்ஜிங் பட்டறையில உலை முன்னாடி நின்னவன் நான். இரும்பு முதல்ல மங்கின சிவப்பா வரும், அப்புறம் ஆரஞ்சு, மஞ்சள், இன்னும் ஏத்தினா கண்ணு கூசுற வெளுப்பு, அந்த வெளுப்புல பொறி பறக்கும், இடுக்கியைக் கொஞ்சம் தள்ளித்தான் பிடிப்போம். வெள்ளைன்னா ஆறிப்போச்சுன்னு அர்த்தம்னா அந்த எழுத்தாளரை ஒரு துண்டை வெறுங்கையில தூக்கிப் பார்க்கச் சொல்லுங்க.

இது முதல் தடவையும் இல்ல. போன வருஷம் "ஏ வகை என்றால் முதல் தர நட்சத்திரம்"னு எழுதினீங்க, ரேஷன் அரிசி மாதிரி. அமெரிக்காவுல ஹார்வர்டு வானாய்வகத்துல முதல்ல, நட்சத்திர வெளிச்சத்தை நிறம் நிறமா பிரிச்சா குறுக்கே விழுற ஹைட்ரஜனோட கறுப்புக் கோடு எதுல பலமா இருக்கோ அதுக்கு 'ஏ'ன்னு பேர் வச்சாங்க, 1901ல அங்க இருந்த ஆனி ஜம்ப் கேனன் அம்மா சூட்டு வரிசைப்படி மாத்தி அடுக்கினப்போ ஓ, பி முன்னாடி போயிடுச்சு, ஏ மூணாவது இடத்துக்கு வந்துடுச்சு. பத்தாயிரம் டிகிரி பக்கத்துலதான் ஹைட்ரஜன் அந்தக் கோடு போடுறதுக்குத் தோதான நிலையில நிறைய இருக்கும், சூடு கம்மின்னா அந்த நிலைக்கு ஏறாது, ரொம்ப அதிகம்னா எலக்ட்ரானே பிச்சுக்கிட்டு போயிடும். என்கிட்ட இருக்கிற டெலஸ்கோப்புல கிரேட்டிங் (வெளிச்சத்தை நிறம் நிறமா பிரிக்கிற தகடு) மாட்டி சிரியஸை மொபைல்ல எடுத்திருக்கேன், நீலப்பச்சையில ஒரு கறுப்புக் கோடு கத்தியால கீறின மாதிரி விழுந்திருக்கும். இதையெல்லாம் அப்பவே ரெண்டு பக்கம் எழுதி அனுப்பினேன், நீங்க ரெண்டு வரி போட்டீங்க, அதுல ஹைட்ரஜனை ஹீலியமாக்கி என் பேரையும் கீழ போட்டுட்டீங்க.

ராசிபலன் மட்டும் முழுப் பக்கம். அதுல தினமும் திருவோணம் திருவோணம்னு போடுறீங்களே, வானியல்ல ஆல்டேர்னு சொல்ற அந்த நட்சத்திரமும் இதே ஏ வகைதான் சார். என் வீட்டம்மா நட்சத்திரம் அது. "திருவோணத்துக்காரர்கள் நிதானமானவர்கள்"னு ஒரு நாள் போட்டிருந்தீங்க, நிதானமாம்! சூரியன் ஒரு சுத்து சுத்த 25 நாள் ஆகுது, இது 10 மணி நேரத்துக்குள்ள சுத்திடுது, அந்த வேகத்துல இடுப்பு பிதுங்கி, மேல கீழ அமுங்கி, இடுப்புப் பக்கம் சூடும் குறைஞ்சு கிடக்குது. 2007ல மவுண்ட் வில்சன்ல பல டெலஸ்கோப்பை இணைச்சு இதைப் படமே எடுத்தாங்க. அதுக்கு உங்க பக்கத்துல இடமில்ல.

இன்னொண்ணு. 1999ல மேல போன எக்ஸ்ரே டெலஸ்கோப்புக்கு சந்திரான்னு பேர், வெண்குள்ளன் எவ்வளவு எடை வரைக்கும் தாங்கும்னு கணக்குப் போட்டாரே, மெட்ராஸ்ல படிச்ச நம்ம சந்திரசேகர், அவர் பேர்தான். அது எடுத்த படத்துல குள்ளன்தான் பளிச்சுன்னு இருப்பான், பெரியவன் மங்கலா இருப்பான். சூரியனுக்கு வெளிப்பக்கம் கொதிக்குது, ஏ வகைக்கு நடுவுலதான் கொதிப்பு, மேல அடங்கிக் கிடக்கும், அதனால எக்ஸ்ரே பெருசா வராது. உங்களுக்கு யாரு யாருன்னு குழம்பினதுக்கு அந்தப் படமாவது காரணமா இருந்திருந்தா மன்னிச்சிருப்பேன், ஆனா நீங்க போட்டது சாதாரணப் படம்.

பெருசா ஒண்ணும் கேட்கல. அதே பக்கத்துல, அதே எழுத்து சைஸ்ல, "படத்தில் பளிச்சென்று தெரிவது வெண்குள்ளன் அல்ல"ன்னு ஒரு வரி. வர்ற ஞாயிறே போட்டுடுங்க, பேத்தி திங்கக்கிழமை ஸ்கூல்ல சார்ட் கொடுக்கணும், பேப்பர்ல வந்தாத்தான் மாத்துவேன்னு பிடிவாதமா இருக்கா.

இப்படிக்கு,
31 வருஷமா காசு கொடுத்து வாங்கிப் படிக்கிற வாசகன்,
கோயம்புத்தூர்