வீட்டு விலையில் காற்றின் பங்கு

அன்புள்ள நண்பருக்கு,

வணக்கம். தங்கள் கடிதம் கிடைத்தது. மகள் வீடு வாங்க முனைந்திருப்பது அறிந்து மிக்க மகிழ்ச்சி. பெருஞ்சாலையை ஒட்டிய வீட்டுக்கும், அதே பரப்பில் சற்று உள்ளே தள்ளியிருக்கும் வீட்டுக்கும் விலை ஏன் இவ்வளவு வேறுபடுகிறது என்று கேட்டிருந்தீர்கள். இரைச்சல், நெரிசல், தூசி எல்லாம் சேர்ந்த வேறுபாடு அது. அதில் காற்றின் பங்கை மட்டும் பிரித்தெடுப்பதுதான் கடினம்.

1967இலேயே ரிட்கர், ஹென்னிங் என்ற ஆய்வாளர்கள் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் வீட்டு மதிப்பைக் காற்று மாசோடு ஒப்பிட்டு ஆராய்ந்தார்கள். ஆனால் ஆலைகள் பெருகிய இடத்தில் புகையோடு வேலைவாய்ப்பும் பெருகுகிறது. வேலை தேடி வருவோரால் வீட்டு விலை ஏறுகிறது. மேலோட்டமாக ஒப்பிட்டால் புகைக்கு விலையே இல்லை என்று தோன்றிவிடும்.

இந்தச் சிக்கலைக் கென்னத் சே, மைக்கேல் கிரீன்ஸ்டோன் என்ற பொருளியலாளர்கள் 2005இல் வெளியிட்ட ஆய்வில் அவிழ்த்த விதம் எனக்கு மிகவும் பிடித்தது. 1970ஆம் ஆண்டின் அமெரிக்கத் தூய காற்றுச் சட்டத் திருத்தத்தின்படி, மிதக்கும் துகள்களின் ஆண்டுச் சராசரி கனமீட்டருக்கு 75 மைக்ரோகிராமைத் தாண்டிய மாவட்டங்களில் ஆலைகளுக்குக் கெடுபிடி கூடியது. வரம்பை ஒட்டி உள்ளேயே நின்றவை தப்பின. கெடுபிடிக்கு உள்ளான மாவட்டங்களில் காற்று தெளிந்தது, வீட்டு விலையும் உயர்ந்தது. துகள்கள் பத்து விழுக்காடு குறைந்தால் விலை இரண்டு முதல் மூன்றரை விழுக்காடு வரை ஏறுகிறது என்றும், 1970 முதல் 1980 வரை அம்மாவட்டங்களின் வீட்டு மதிப்பு மொத்தம் சுமார் 4,500 கோடி டாலர் கூடியது என்றும் அவர்கள் கணக்கிட்டார்கள். மாசுக் கட்டுப்பாடு வெறும் செலவு என்போருக்கு இதைவிட நேரடியான பதில் வேண்டியதில்லை.

இருந்தும் தூய காற்றின் முழு மதிப்பு இந்தத் தொகையில் அடங்கிவிடவில்லை என்பது என் உறுதியான எண்ணம். வீடு பார்க்க வருபவர் ஜன்னல் விளிம்பில் விரலை ஓட்டித் தூசியைக் காண்கிறார். நுரையீரலின் ஆழம்வரை செல்லும் நுண்துகள் அவர் கண்ணுக்குத் தெரிவதில்லை, தெரியாததற்கு அவர் விலை பேசுவதுமில்லை. என்னை அதைவிட உறுத்துவது வாடகைதாரர்களின் நிலை. காற்று தெளிந்ததால் ஏறிய மதிப்பு உரிமையாளருக்குச் சேர, வாடகை உயர்ந்து, புகையை இத்தனை காலம் சுவாசித்தவரே இடம்பெயர நேர்ந்தால், அந்த ஆதாயத்தை நகரம் முழுவதற்குமானது என்று எப்படிச் சொல்வது? ஆகவே காற்றைச் சீராக்கும் திட்டத்தோடு வாடகைப் பாதுகாப்பும் சேர்ந்தே வர வேண்டும் என்பேன்.

மகளிடம் உள்ளே இருக்கும் வீட்டையே எடுக்கச் சொல்லுங்கள்.

அன்புடன்,
தங்கள் நண்பன்